112 நோயாளிகளை வைத்துக்கொண்டு இளம் ஆய்வாளர் விருதுக்குப் போகலாமா?

கேள்வி இதுதான்: "எலக்ட்ரோபிசியாலஜி மேற்பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஆண்டு மாநாட்டின் இளம் ஆய்வாளர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார் என் வழிகாட்டி. என் கையில் இருப்பது ஒரே மருத்துவமனையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு முதல்முறை அப்லேஷன் செய்துகொண்ட 112 பேரின் விவரம். இடது ஏட்ரியத்தில் மின்னழுத்தம் குறைந்த பகுதி பெரிதாக இருந்தவர்களுக்கு நோய் திரும்ப வருகிறதா என்று பார்த்திருக்கிறேன். பல மையங்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளோடு வரும் ஆய்வுகளுக்கு நடுவில் இது எடுபடுமா? நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கிடைக்காவிட்டால் ஆறு மாத உழைப்பு வீண்தானே?"

(துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: எலக்ட்ரோபிசியாலஜி என்பது இதயத்தின் மின்னோட்டத்தைப் பற்றிய துறை. ஏட்ரியம் இதயத்தின் மேலறை, வென்ட்ரிக்கிள் கீழறை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது மேலறை ஒழுங்கில்லாமல் படபடக்கும் கோளாறு. கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறைக் கிளப்பும் திசுவைச் செயலிழக்கச் செய்வது அப்லேஷன். மின்னழுத்தம் குறைந்த பகுதி பெரும்பாலும் தழும்பேறிய திசுவைக் குறிக்கும்.)

கட்டாயம் விண்ணப்பியுங்கள். 112 என்ற எண்ணைப் பற்றிய கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இப்படிப்பட்ட போட்டிகளில் சில வருடங்கள் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். இறுதிச் சுற்றில் நின்ற இளம் மருத்துவர்களில் என் மனதில் தங்கியவர்கள் எல்லாருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: தன் ஆய்வு எந்த இடத்தில் உடையும் என்பது நடுவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதைக் கேட்பதற்கு முன்பே விரல் வைத்துக் காட்டினார்கள். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் இந்தத் துறையின் பிறப்பைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், தைரியம் வரும். இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கும் இடமான சைனஸ் கணுவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மார்ட்டின் ஃப்ளாக் அப்போது மருத்துவ மாணவர். 1906 கோடையில் ஆர்தர் கீத்தின் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து விலங்குகளின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கீத்தும் அவர் மனைவியும் சைக்கிளில் வெளியே போய்விட்டு மாலையில் திரும்பியபோது, அகழெலியின் வலது ஏட்ரியத்தில் தான் பார்த்த விசித்திரமான திசுவை அவர்களிடம் பரபரப்போடு காட்டியிருக்கிறார். மறு வருடம் அது கட்டுரையாக வந்தது. அவர்களைத் தூண்டியதும் ஓர் இளம் ஆய்வாளரின் வேலைதான். ஜப்பானிலிருந்து ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குப் போய், லுட்விக் அஷாஃபின் ஆய்வுக்கூடத்தில் ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் நடுவில் உள்ள கணுவைக் கண்டறிந்து 1906இல் நூலாக வெளியிட்ட சுனாவோ தவாராவுக்கு அப்போது முப்பதைத் தாண்டிச் சில வயதுதான். இன்று கேத் லேபில், அதாவது கதீட்டர் சிகிச்சை அறையில், நாம் கதீட்டரைக் கொண்டுபோய் வைக்கும் இடங்களில் சிலவற்றை முதலில் பார்த்தவை இப்படிப்பட்ட இளம் கண்கள்.

இந்த விருதுகளின் அமைப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1979இல் வட அமெரிக்கப் பேஸ்மேக்கர், எலக்ட்ரோபிசியாலஜி சங்கமாகத் தொடங்கி 2004இல் பெயர் மாற்றிக்கொண்ட ஹார்ட் ரிதம் சொசைட்டி, ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் கிளையான ஐரோப்பிய ஹார்ட் ரிதம் அசோசியேஷன், ஆசிய பசிபிக் ஹார்ட் ரிதம் சொசைட்டி என்று பெரிய சங்கங்கள் எல்லாம் ஆண்டு மாநாடு நடத்துகின்றன, இளம் ஆய்வாளர்களுக்கென்று தனிப் போட்டியும் வைக்கின்றன. அடிப்படை அறிவியலுக்கு ஒரு பிரிவு, நோயாளிகள் சார்ந்த ஆய்வுக்கு ஒரு பிரிவு என்று பிரிப்பது வழக்கம். முதலில் ஆய்வுச் சுருக்கத்தைப் பெயர் மறைத்து மதிப்பிடுவார்கள். அதில் தேறிய சிலரை மேடைக்கு அழைப்பார்கள். சில நிமிடம் பேச்சு, சில நிமிடம் கேள்வி. வயது வரம்போ, பயிற்சி முடித்து இத்தனை வருடத்துக்குள் என்ற வரம்போ இருக்கும். மகப்பேறு விடுப்புக்குச் சலுகை தரும் சங்கங்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். அதே ஆய்வு முன்பே வெளியாகியிருந்தால் பெரும்பாலும் தகுதி போய்விடும். விதிகளை உங்கள் சங்கத்தின் அறிவிப்பிலிருந்தே வரி வரியாகப் படித்துவிடுங்கள். இது ஒருமணி நேர வேலை, ஆனால் இதில் கோட்டைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். பெட்ரோ, யோசெப் புருகாடா சகோதரர்கள் 1992இல் தங்கள் பெயரால் இன்று அறியப்படும் நோயை விவரித்தது எட்டே நோயாளிகளை வைத்து. 1998இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷெல் ஹைசகேர் குழு 45 நோயாளிகளைப் பார்த்தது. ஃபிப்ரிலேஷனைத் தூண்டிவிடும் துடிப்புகள் கிளம்பிய 69 இடங்களில் 65, நுரையீரலிலிருந்து இடது ஏட்ரியத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. அந்தச் சிரைகளை ஏட்ரியத்திலிருந்து மின்ரீதியாகத் துண்டித்துத் தனிமைப்படுத்தும், இன்று உலகம் முழுக்க நடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்லேஷன் அந்த 45 பேரிடமிருந்து வந்தது. ஆனால் இதை வைத்து 'சின்ன ஆய்வும் பெரிய ஆய்வும் ஒன்றுதான்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 'இப்படி ஒன்று இருக்கிறதா', 'இது எங்கிருந்து வருகிறது' என்ற கேள்விகளுக்குச் சில பத்து பேர் போதும். 'இந்தச் சிகிச்சை ஆயுளை நீட்டுகிறதா' என்ற கேள்விக்கு ஆயிரம் பேரே போதாமல் போகும். அப்லேஷனையும் மருந்தையும் ஒப்பிட்ட கபானா ஆய்வில் 2,204 பேர் இருந்தார்கள். மருந்துக் குழுவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பின்னால் அப்லேஷன் செய்துகொண்டதால், 2019இல் முடிவு வந்தபோது அதை எப்படிப் படிப்பது என்று பெரிய விவாதமே நடந்தது. ஆக, 112 பேர் எந்தக் கேள்விக்குப் போதும் என்று யோசிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

இப்போதைய உங்கள் கேள்வி, உள்ளபடி சொன்னால், பழையது. மின்னழுத்தம் குறைந்த பகுதி அதிகம் உள்ளவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பலர் காட்டிவிட்டார்கள். அதே வாக்கியத்தை 113ஆவது முறை சொன்னால் நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த சுருக்கத்துக்குப் போய்விடுவார். ஆனால் உங்கள் கையில் இருக்கும் விவரத்துக்குள்ளேயே இன்னும் நல்ல கேள்வி ஒன்று ஒளிந்திருக்கலாம். அந்த 112 பேரில் இரண்டாம் முறை அப்லேஷனுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு நுரையீரல் சிரைகள் மறுபடி ஏட்ரியத்தோடு இணைந்திருந்தனவா, அல்லது சிரைகள் நன்றாகவே தனிமைப்பட்டிருந்து தொந்தரவு வேறிடத்திலிருந்து வந்ததா? முதல்முறை எடுத்த மின்னழுத்த வரைபடம் இந்த இரண்டு வகையையும் முன்கூட்டியே பிரித்துக் காட்டுகிறதா? இருபது பேர்தான் இருந்தாலும் பரவாயில்லை, இது இயங்குமுறையைப் பற்றிய கேள்வி. நீங்களே வரைபடத்தைத் திறந்து, ஒவ்வொரு சிரையாகப் பார்த்து எழுதிய விவரம். பெரிய பதிவேட்டுக்காரர்களிடம் இந்த நுணுக்கம் இருக்காது. திரும்பி வந்தவர்கள் மட்டும்தான் கணக்கில் வருகிறார்கள், நோய் திரும்பியும் வராமல் இருந்தவர்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்ற குறை அதில் இருக்கிறது. அதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

இந்த வகை ஆய்வில் நடுவர் எங்கே கை வைப்பார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான கேள்விகள் இரண்டு மூன்று இடங்களில்தான் வரும்.

முதல் இடம், நோய் திரும்பியதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது. துடிப்புக் கோளாறு 30 விநாடிக்கு மேல் நீடித்தால் நோய் திரும்பியதாகக் கணக்கு. அப்லேஷன் முடிந்த உடனே வரும் துடிப்புக் கோளாறைக் கணக்கில் சேர்க்காத காலம் நெடுநாளாக மூன்று மாதமாக இருந்தது, 2024இல் வந்த சர்வதேசக் கருத்தொற்றுமை அறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்தது. உங்கள் நோயாளிகள் எந்த விதியில் எண்ணப்பட்டார்கள்? அதைவிட முக்கியம், எவ்வளவு நேரம் கண்காணித்தீர்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை 24 மணி நேர ஹோல்ட்டர் (உடலில் மாட்டிக்கொள்ளும் ஈசிஜி கருவி) மாட்டினால் வருடத்தில் இரண்டே நாள்தான் பார்த்திருக்கிறீர்கள். மீதி 363 நாளில் என்ன நடந்தது? 2019இல் வெளியான சர்க்கா-டோஸ் ஆய்வில் 346 பேருக்கும் தோலுக்கடியில் கண்காணிப்புக் கருவி வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில் கோளாறே இல்லாமல் இருந்தவர்கள் பாதியை ஒட்டித்தான் இருந்தார்கள். ஆனால் அதே நோயாளிகள் ஃபிப்ரிலேஷனில் கழித்த மொத்த நேரம் 98 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஒரே சிகிச்சை, ஒரே ஆட்கள், அளக்கும் விதத்தைப் பொறுத்து 'பாதி தோல்வி' என்றும் சொல்லலாம், 'மகத்தான வெற்றி' என்றும் சொல்லலாம். '85 சதவீதம் வெற்றி' என்று மொட்டையாக எழுதிய ஸ்லைடைப் பார்த்ததும் நடுவர் பேனாவை எடுப்பது இதனால்தான்.

இரண்டாம் இடம், மின்னழுத்தம் என்ற அளவே எவ்வளவு உறுதியானது என்பது. 0.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் என்பது பொதுவாக எல்லோரும் வைக்கும் கோடு. ஆனால் அந்த எண் திசுவை மட்டும் பொறுத்ததல்ல. மின்முனையின் அளவு, இரண்டு மின்முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, மின் அலை எந்தத் திசையில் வந்து கடக்கிறது, கதீட்டர் சுவரை எவ்வளவு நன்றாகத் தொடுகிறது என்று எல்லாமே அதை மாற்றும். ஒரே இடத்தைச் சைனஸ் துடிப்பில், அதாவது இயல்பான துடிப்பில், அளந்தால் ஒரு எண், ஃபிப்ரிலேஷன் ஓடும்போது அளந்தால் வேறு எண், பெரும்பாலும் சிறிய எண். உங்கள் 112 பேரில் எத்தனை பேருக்கு எந்தத் துடிப்பில் வரைபடம் எடுத்தீர்கள்? நடுவில் கதீட்டர் வகை மாறியதா? மாறியிருந்தால் மறைக்க வேண்டாம். இரண்டு குழுவாகப் பிரித்து முடிவு மாறுகிறதா என்று பார்த்து, மாறினாலும் மாறாவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது என் சொந்தத் தழும்பு. மேற்பயிற்சிக் காலத்தில் நானும் ஓர் இறுதிச் சுற்றில் நின்றேன். திரையில் என் கப்லான்-மேயர் வரைபடம், அதாவது காலம் போகப் போக எத்தனை பங்குப் பேர் நோய் திரும்பாமல் இருக்கிறார்கள் என்று காட்டும் கோடுகள். இரண்டு கோடுகளும் 18 மாதம் வரை ஒட்டியே வந்து, அதன் பிறகு அழகாகப் பிரிந்து போயின. அந்தப் பிரிவைத்தான் நான் கண்டுபிடிப்பாகச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த நடுவர் ஒருவர் மிக மென்மையான குரலில், "24ஆவது மாதத்தில் கீழ்க்கோட்டில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வரைபடத்துக்குக் கீழே அந்தந்த மாதத்தில் எத்தனை பேர் மிச்சம் என்ற வரிசையை இடம் போதவில்லை என்று நானே வெட்டியிருந்தேன். திரும்பிப் போய் எண்ணிப் பார்த்தபோது ஏழு பேர். என் கண்டுபிடிப்பு முழுவதும் ஏழு பேரின் தோளில் நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த வரிசை இல்லாத வரைபடத்தை நான் என் மாணவர்களிடம் அனுமதிப்பதில்லை. நீங்களும் வெட்டாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் அடியில் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது: நீங்கள் அளந்த பொருள் நோயாளிக்கு உண்மையிலேயே முக்கியமானதா? இதில் நம் துறைக்கு ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு வென்ட்ரிக்கிளிலிருந்து வரும் மிகைத் துடிப்புகள் சாவுக்கு முன்னறிவிப்பு என்று தெரிந்திருந்தது, அதனால் அவற்றை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். காஸ்ட் ஆய்வு அதைச் சோதித்தது. 1991இல் வந்த முழு அறிக்கையின்படி, மிகைத் துடிப்பை அடக்கும் மருந்துகளான என்கைனைடோ ஃப்ளெக்கைனைடோ பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர்தான். மிகைத் துடிப்பு அடங்கியது, ஆட்கள் இறந்தார்கள். அதனால்தான் ஓர் இளம் ஆய்வாளர் 'துடிப்பு குறைந்தது, ஆகவே பலன்' என்று பேசும்போது மூத்தவர்கள் முகம் இறுகுகிறது. அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நண்பர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம். 'எண்ணிக்கை 40' என்று எழுதினால் அது 40 செல்லா, 40 எலியா என்பதைச் சொல்லுங்கள். மூன்று சுண்டெலிகளிலிருந்து எடுத்த 40 செல்களை 40 தனித்தனி சாட்சிகளாகக் கணக்கிட்டுவிட முடியாது. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும், மின்னழுத்தம் இறங்கும் முறையும் மனித இதயத்திலிருந்து வேறு. அதில் கண்டது மனிதருக்குப் பொருந்தும் என்று நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள் என்பதற்கு ஒரு பதில் கையில் இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவை வைத்து ஈசிஜி படிக்கும் ஆய்வுகள் இப்போது குவிகின்றன. அவற்றில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: கற்பித்த ஈசிஜிகளையும் சோதித்த ஈசிஜிகளையும் நோயாளி வாரியாகப் பிரித்தார்களா, அல்லது ஈசிஜி வாரியாகப் பிரித்தார்களா? ஒரே ஆளின் ஈசிஜி இரண்டு பக்கமும் இருந்தால் கணினி நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் கண்டுகொண்டது. ஒன்றுக்கு 0.98 என்று காட்டும் துல்லிய மதிப்பெண்ணெல்லாம் அப்புறம் சரிந்துவிடும்.

சுருக்கம் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவர் ஒரே மாலையில் ஐம்பது அறுபது சுருக்கம் படிப்பார். முதல் இரண்டு வரியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உலகில் மிகப் பரவலான துடிப்புக் கோளாறு என்று அவருக்குச் சொல்லித்தராதீர்கள். என்ன தெரியாமல் இருக்கிறது என்று தொடங்குங்கள். பி மதிப்பை (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று மதிப்பிட உதவும் எண்ணை) மட்டும் எழுதாமல் வித்தியாசம் எவ்வளவு, அது எந்த எல்லைக்குள் ஊசலாடுகிறது என்பதை எழுதுங்கள். முடிவுரையில் உங்கள் விவரம் தாங்கும் அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். 'தொடர்பு தென்படுகிறது' என்று நிறுத்த வேண்டிய இடத்தில் 'தடுக்கிறது' என்று எழுதிய சுருக்கங்களை நான் அந்த ஒரு சொல்லுக்காகவே கீழே இறக்கியிருக்கிறேன். எழுதி முடித்ததும் இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத துறையின் மருத்துவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கேள்வி என்னவென்று புரியவில்லை என்றால் நடுவருக்கும் புரியாது.

மேடையில் உங்களுக்குப் பலம் தருவது ஒரே ஒரு நல்ல மின்பதிவு. பேசுபவர்கள் அட்டவணைகளை அடுக்குவார்கள், ஆனால் எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பவர் மின்பதிவைப் பார்த்தால் தானாக முன்னால் சாய்ந்து உட்காருவார். இரண்டாம் முறை வந்த ஒரு நோயாளியின் வலது மேல் சிரைக்குள் வைத்த வட்டக் கதீட்டரின் பதிவை எடுங்கள். சிரையின் கூர்மையான மின்னல் போன்ற கீற்று ஏட்ரியத்தின் அகலமான அலைக்குப் பின்னால் தள்ளி வருகிறதா, அல்லது கீற்றே இல்லாமல் அமைதியாக இருக்கிறதா என்பதை ஒரு அம்புக்குறியோடு காட்டுங்கள். அதைக் காட்டும்போது ஐந்து விநாடி பேசாமல் நில்லுங்கள், அவர்களே படித்துக்கொள்ளட்டும். உங்கள் ஆய்வு முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

கேள்வி நேரத்துக்கு, வரக்கூடிய கேள்விகளைத் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை ஸ்லைடு தயார் செய்யுங்கள். முன்னோட்டத்தில் உங்கள் கேத் லேப் டெக்னீஷியனையும் உட்காரவையுங்கள். அந்த வரைபடங்களை எடுக்கும்போது கூடவே இருந்தவர், உங்கள் வழிகாட்டிக்குத் தோன்றாத கேள்வி அவரிடமிருந்து வரும். மேடையில் பதில் தெரியாத கேள்வி வந்தால், "அதை நாங்கள் அளக்கவில்லை, அளந்திருந்தால் இந்த முடிவு இப்படி மாறியிருக்கலாம்" என்று சொல்லி நிறுத்துங்கள். இப்படி ஒரு பெண் மருத்துவர் சொன்னதைக் கேட்டு, மேசையில் இருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மதிப்பெண் தாளில் குனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டு முதலிடம் அவருக்குத்தான். அவரிடம் இருந்தது 60 நோயாளிகளுக்கும் குறைவு.

உங்கள் வழிகாட்டியோடு இப்போதே ஒரு விஷயம் பேசிவிடுங்கள். யோசனை யாருடையது, விவரம் திரட்டியது யார், புள்ளியியல் செய்தது யார் என்பதை நடுவர் கேட்பார், கேட்க வேண்டும். புள்ளியியலாளர் செய்த கணக்கு என்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் ஏன் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டி எழுதிக் கொடுத்த ஸ்லைடுகளைப் படித்துக் காட்டுபவர் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்.

கிடைக்காவிட்டால் வீண்தானே என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்த ஏழு பேர் விஷயத்தில் தோற்ற மாநாட்டில், அந்தக் கேள்வியைக் கேட்ட நடுவர் அரங்கத்துக்கு வெளியே என்னைத் தேடி வந்தார். காப்பி ஆறும்வரை நின்று, அந்த ஆய்வை எப்படித் திருத்தலாம் என்று என் நிகழ்ச்சிநிரல் புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினார். தொடர்பிலிருந்து விடுபட்டவர்களைத் தொலைபேசியில் தேடிப்பிடிக்க எட்டு மாதம் ஆனது. பிரிந்த கோடுகள் மறுபடி ஒட்டிக்கொண்டன, என் கண்டுபிடிப்பு காணாமல் போனது, 'வித்தியாசம் இல்லை' என்ற முடிவோடு கட்டுரை வெளிவந்தது. இன்றும் என் கட்டுரைகளில் நான் முழு நம்பிக்கையோடு பிறருக்குக் கொடுப்பது அதைத்தான். ஆகவே மாநாடு முடிந்த இரவே கேட்ட கேள்விகளையெல்லாம் மறக்காமல் எழுதிவையுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும்போது மதிப்பீட்டாளர்கள் கேட்கப்போவதும் பெரும்பாலும் அவையேதான்.

கடைசி தேதிக்கு முன் அந்த இரண்டாம் முறை அப்லேஷன் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு பேருக்குக் கீழே இருந்தால் இந்த வருடம் சாதாரண போஸ்டராக அனுப்பிவிட்டு, விருதுக்கு அடுத்த வருடம் வாருங்கள், தகுதி வரம்புக்குள் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் இன்றிரவே முதல் வரைபடத்தைத் திறங்கள்.